மகளிர் தின நிதி: விழாவா, முதலீடா? இரண்டு பக்கத் திட்டம் எழுத உதவுங்கள்

#1 முல்லைக்கொடி (திங்கள், இரவு 9:40)

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக இங்கே வாசிப்பவள்தான். இழை தொடங்குவது இதுவே முதல்முறை.

எங்கள் நிறுவனத்தில் சுமார் 300 பேர் வேலை செய்கிறோம். பெண்கள் 41 பேர். பிரிவுத் தலைவர்கள் 12 பேரில் பெண் நான் ஒருத்தி. மார்ச் 8 வந்தால் விழா நடக்கும். சிறப்பு விருந்தினர், ஊதா நிறப் பலூன், கேடயம், கடைசியில் எல்லோரும் நின்று ஒரு படம். இதற்கான குழுவில் ஒவ்வொரு ஆண்டும் பெண்கள் மட்டுமே இருக்கிறோம். இரண்டு வாரம் வேலை முடிந்த பிறகும் தங்கி, பாராட்டப்பட வேண்டியவர்களே நாற்காலியையும் அடுக்குகிறோம்.

சென்ற ஆண்டு எனக்கும் ஒரு கேடயம் கிடைத்தது. அதில் என் பெயரில் ஓர் எழுத்து தவறு. மேடையில் அதை எடுத்துக் கொடுத்தவர் கவனிக்கவில்லை, வாங்கிய நானும் கவனிக்கவில்லை. வீட்டில் என் மகள்தான் படித்துவிட்டு, "இது வேறு யாருடையதோ, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்றாள்.

இந்த ஆண்டு மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "தொகையை இரண்டு மடங்காக்கியிருக்கிறோம். வெறும் விழா வேண்டாம். பெண்களின் தலைமைக்கான முதலீடாக இருக்கட்டும். இரண்டு பக்கத்தில் திட்டம் கொடுங்கள்." நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முதலீடு என்றால் எதில் போடுவது? பயிற்சி வகுப்பா, உதவித்தொகையா? விழாவை நிறுத்தினால் இளைய பெண்கள் வருந்துவார்கள். அவர்களுக்கு அந்த நாள் பிடிக்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

#2 எதிர்க்காற்று (திங்கள், இரவு 10:15)

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். திறமைக்கு ஆண், பெண் கிடையாது. அந்தத் தொகையை எல்லோருக்கும் பொதுவான பயிற்சியில் போட்டால், தகுதி உள்ள பெண் தானே மேலே வருவாள். தனியாக எடுத்துச் சலுகை கொடுத்தால் நாளைக்கு அவள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் "அந்த வழியில் வந்தவள்தானே" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அந்தப் பெயரை எந்தத் திட்டமும் அழிக்காது.

---

#3 சாரல் (திங்கள், இரவு 11:02)

முல்லைக்கொடி, உங்கள் திட்டத்தின் முதல் வரி உங்கள் பதிவிலேயே இருக்கிறது. "குழுவில் பெண்கள் மட்டுமே இருக்கிறோம்."

இதைப் பற்றி அமெரிக்காவில் லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட நான்கு பேர் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. யாராவது ஒருவர் ஒரு வேலையைச் செய்ய முன்வர வேண்டும். வந்தால் எல்லோருக்கும் பலன், ஆனால் முன்வருபவருக்கு மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்திருந்தபோது, ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முன்வந்தார்கள். பெண்களுக்கு இயல்பிலேயே இளகிய மனம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று குழுக்களைப் பிரித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமே காணாமல் போயிற்று. பெண்கள் பக்கத்தில் இல்லையென்றால் ஆண்களும் அதே அளவுக்குக் கை தூக்குகிறார்கள். பெண் இருந்தால் அவள் செய்வாள் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவளும் சேர்த்து. வேலையை ஒப்படைக்கும் பொறுப்பில் ஒருவரை வைத்தபோதும், அவர் ஆணோ பெண்ணோ, பெண்ணிடம்தான் அதிகமாகக் கேட்டார்.

விழா ஏற்பாடு, கூட்டக் குறிப்பு, புதிதாக வந்தவருக்கு இடம் காட்டுவது, ஓய்வு பெறுபவருக்குப் பரிசு வாங்குவது. அவசியமான வேலைகள்தான். ஆனால் பதவி உயர்வுப் படிவத்தில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆகவே பணத்தைத் தொடுவதற்கு முன் சுழற்சிப் பட்டியல் ஒன்று போடுங்கள். இந்த ஆண்டு குழுவில் பாதிப் பேர் ஆண்கள், பெயர் அகரவரிசையில். இதற்குக் காசே வேண்டாம்.

எதிர்க்காற்று, "பொதுவான பயிற்சி" என்கிறீர்களே, அதற்குப் போக நேரம் யாரிடம் மிச்சம் இருக்கும்? நாற்காலி அடுக்குபவளிடமா?

---

#4 கணக்குப்பிள்ளை (செவ்வாய், காலை 6:20)

ஓய்வு பெற்ற வங்கிக்காரன் நான். கடன் பிரிவில்தான் பெரும்பகுதி வாழ்க்கை போயிற்று. "பெண்கள் மேல் முதலீடு" என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு காட்சிதான் கண்ணில் வரும்.

மேசைக்கு அந்தப்பக்கம் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருப்பார்கள். கடன் மனைவியின் பெயரில். கேள்வி கேட்டால் பதில் கணவரிடமிருந்து வரும். பத்திரத்தை நகர்த்தினால் அவர் அதை மனைவி பக்கம் திருப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். அந்த விரலுக்குக் கீழே அந்த அம்மா போடுவார். பணத்தை அவர் எண்ணிப் பைக்குள் வைப்பார். எங்கள் புள்ளிவிவரத்தில் அது பெண்களுக்கு வழங்கிய கடன். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். இலக்கை எட்டிவிட்டோம் என்று பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன்.

இலங்கையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு மூலதனம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் கூடியது, பெண்களின் தொழிலில் கூடவில்லை. பெண்ணுக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை என்று இதைக் காட்டிப் பேசியவர்கள் உண்டு. பிறகு 2019-இல் இந்தியா, இலங்கை, கானா ஆகிய மூன்று நாடுகளின் தரவையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால், அவள் பெயரில் வந்த பணம் அங்கே போய்விடுகிறது. வீட்டில் அவளுடைய தொழில் ஒன்றே இருந்தால் ஆணின் தொழிலுக்கும் அவள் தொழிலுக்கும் லாபத்தில் வேறுபாடு இல்லை. நாங்கள் அளந்த இடமே தவறு.

அதனால் தொகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். கொடுத்த பிறகு அது யார் சொல் கேட்கும் என்பதை முதலில் பாருங்கள். வீட்டில் நடப்பதுதான் அலுவலகத்திலும் நடக்கும், விரல் வைப்பவர் மட்டும் வேறு ஆள்.

---

#5 எதிர்க்காற்று (செவ்வாய், காலை 8:05)

ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுச் சிக்கல். வங்கி என்ன செய்ய முடியும்?

---

#6 கணக்குப்பிள்ளை (செவ்வாய், காலை 8:50)

செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். எலா பட் 1972-இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்காகச் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள், வீட்டிலிருந்து தைப்பவர்கள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள். வங்கிகள் அவர்களை வாசலிலேயே நிறுத்தின. 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று கூட்டுறவு வங்கி ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கையெழுத்துக்குப் பதில் புகைப்படம் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். முகம்தான் அடையாளம். முகத்தின் மேல் யாரும் விரல் வைக்க முடியாது, பாருங்கள்!

இன்னொன்று. மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியைக் குடும்பக் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்தக் கணக்கில் நேராகப் போட்டு, அந்தக் கணக்கை இயக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். பெண் வேலைக்குப் போவதைப் பற்றி வீட்டில் இருந்த எண்ணமும் கொஞ்சம் தளர்ந்தது. தனியாகப் பணம் எதுவும் கொடுக்கவில்லை. உழைத்த கூலி போய்ச் சேரும் கணக்கை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பணக்கார நாட்டுக் கதையும் வேறல்ல. அமெரிக்காவில் தொழில் கடன் கேட்கும் பெண், தந்தை, கணவர், சகோதரர் என்று ஓர் ஆணின் கையெழுத்தையும் கொண்டுவர வேண்டும் என்று சில மாநிலங்களில் இருந்த நிலை, 1988-இல் சட்டம் வந்த பிறகுதான் ஒழிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து வெகு காலம் கழித்து!

---

#7 முல்லைக்கொடி (செவ்வாய், இரவு 9:15)

கணக்குப்பிள்ளை ஐயா, "யார் சொல் கேட்கும்" என்ற வரி நாள் முழுவதும் என்னுடனேயே இருந்தது. மதியம் ஆவணப் பிரிவுக்குப் போய், செலவு ஒப்புதல் அதிகாரம் பற்றிய சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.

மற்றப் பிரிவுத் தலைவர்கள் 11 பேருக்கும் தத்தம் பிரிவின் செலவுக்குத் தாங்களே ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. எனக்கு இல்லை. பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டும்தான். காரணம், என் பதவிக்கு முன்னால் "பொறுப்பு" என்ற சொல் இன்னும் நிற்கிறது. பதினான்கு மாதமாக நான் பொறுப்புத் தலைவர். எனக்கு முன்னால் இதே நாற்காலியில் பொறுப்பு வகித்தவருக்கு நான்காவது மாதத்தில் அந்தச் சொல் போய்விட்டது.

நான் கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, யாரும் தடுக்கவில்லை, பெயர்ப்பலகையில் என் பெயர் (அது சரியாகவே!) இருந்தது. ஒவ்வொரு செலவுச் சீட்டும் மேலாளர் மேசைக்குப் போய் வர இரண்டு நாள் ஆகும். இந்த வேலையே அப்படித்தான் என்று பழகிவிட்டேன்.

---

#8 ஒற்றைக்குயில் (செவ்வாய், இரவு 11:48)

முல்லைக்கொடி, உங்கள் பதிவைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. நான் ஒரு நிறுவனத்தின் கிளைத் தலைவராக இருந்து விலகியவள். பெயர் வேண்டாம்.

எனக்குப் பதவி கொடுத்த நாளில் அறிவிப்புப் பலகையில் என் படம் போட்டு "முதல் பெண் தலைவர்" என்று எழுதினார்கள். அறைக்குள் போனேன். நாற்காலி முன்னவர் உயரத்துக்கு வைத்தபடியே இருந்தது, உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. மேசையில் மூன்று உறைகள். பூங்கொத்தோடு வந்த வாழ்த்து என்று நினைத்துப் பிரித்தேன். மூன்றும் ராஜினாமாக் கடிதங்கள். கிளை இரண்டு ஆண்டாகச் சரிந்துகொண்டிருந்ததும், அந்த இடத்துக்கு அழைக்கப்பட்ட இரண்டு ஆண்கள் மறுத்துவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒன்பது மாதத்தில் கிளையை மூடினார்கள். "பெண் தலைமை அங்கே எடுபடவில்லை" என்று பேசிக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு பெயர் இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது. மிஷல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-இல் பிரிட்டனின் பெரிய 100 நிறுவனங்களை எடுத்துப் பார்த்தார்கள். பங்கு விலை மாதக்கணக்கில் சரிந்துகொண்டிருந்த இடங்களில்தான் பெண்களை இயக்குநர்களாக அமர்த்தும் போக்கு தெரிந்தது. கண்ணாடிக் கூரை என்று சொல்கிறோமே, அதை உடைத்துக்கொண்டு மேலே வருபவளை நேராக மலை விளிம்பில் நிறுத்துகிறார்கள். கண்ணாடி விளிம்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

என் ஆலோசனை ஒன்றுதான். பதவியோடு ஆள், பணம், கால அவகாசம் ஆகிய மூன்றும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். அந்த மூன்றும் இல்லாத பதவி வெறும் படம்.

---

#9 வழிப்போக்கன் (புதன், காலை 7:30)

எல்லோரும் விழாவை ஒரேயடியாக மட்டம் தட்டுகிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த நாள் எங்கிருந்து வந்தது? 1910-இல் கோபன்ஹேகனில் கூடிய பெண்கள் மாநாட்டில் ஜெர்மனியின் சோசலிசத் தலைவி கிளாரா செட்கின் முன்வைத்த யோசனை. மறு ஆண்டு மார்ச் 19 அன்று ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் முதல்முறையாகக் கடைப்பிடித்தார்கள். கேட்டது பூச்செண்டு அல்ல, வாக்குரிமையும் வேலை செய்யும் உரிமையும்.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1975 அக்டோபர் 24. நாட்டின் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அன்று வேலைக்கும் போகவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. பள்ளி, மீன் தொழிற்சாலை, தொலைபேசி நிலையம் எல்லாம் முடங்கின. அப்பாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். அதை வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை, "பெண்களின் விடுமுறை நாள்" என்றார்கள். ஐந்து ஆண்டு கழித்து 1980-இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் அங்கே குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவர், உலகத்திலேயே. தனியாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். பதினாறு ஆண்டு பதவியில் இருந்தார்.

ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த நாளில் நாற்காலியை யார் அடுக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஐஸ்லாந்துப் பெண்கள் அன்று எதையும் அடுக்கவில்லை.

---

#10 எதிர்க்காற்று (புதன், காலை 9:10)

> அந்த மூன்றும் இல்லாத பதவி வெறும் படம்.

ஒற்றைக்குயில், இது நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் என் கேள்வி தீரவில்லை. மேலே கொண்டுபோய் உட்காரவைத்தால் கீழே ஏதாவது மாறுகிறதா? நார்வேயில் 2003-இல் சட்டம் போட்டார்கள். பொதுமக்களும் பங்கு வாங்கக்கூடிய பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் 40 விழுக்காடு பெண்கள், 2008-க்குள். இல்லையென்றால் நிறுவனத்தையே கலைக்கலாம் என்ற அளவுக்குக் கடுமை. இயக்குநர் குழுக்கள் மாறின. பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள், அந்த நிறுவனங்களில் கீழ் நிலையில் இருந்த பெண்களின் சம்பளத்திலோ உயர்விலோ குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்று எழுதினார்கள்.

பக்கத்திலேயே பார்க்கலாம். ஊராட்சியில் இட ஒதுக்கீடு வந்தது. பெயருக்குத் தலைவி, கூட்டத்தில் உட்காருபவர் கணவர். இதற்குத்தானா?

---

#11 சாரல் (புதன், மதியம் 1:25)

நார்வே பற்றி நீங்கள் சொல்வது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. மேலே நாலு நாற்காலி மாறியதால் கீழே மாடிப்படி தானாக முளைத்துவிடாது.

ஆனால் ஊராட்சிக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது குலுக்கல் போல அமைந்ததால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. ராகபேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்ளோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் எழுதினார்கள். பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிநீர் வசதிக்குக் கூடுதல் வேலை நடந்திருந்தது. மனுக்களில் பெண்கள் எதை அதிகமாகக் கேட்டார்களோ, அதில். எல்லாத் தலைவிகளும் வெறும் பொம்மைகளாக இருந்திருந்தால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வரும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. மேற்கு வங்கத்தில் முதல்முறை பெண் தலைவரைப் பெற்ற ஊர்கள் அவருக்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டன, வேலை குறைவில்லாமல் நடந்திருந்தும். இரண்டாவது முறையும் பெண் வந்தபோது அந்தக் குறை மறைந்தது. இரண்டு தேர்தல்களில் ஒதுக்கீடு இருந்த இடங்களில், அதற்குப் பிறகு ஒதுக்கீடு இல்லாமலேயே பெண்கள் நின்று வெல்வது கூடியது. 2012-இல் அதே பகுதியைப் பற்றி வெளியான இன்னொரு ஆய்வில், அப்படி இரண்டு முறை பெண் தலைமை கண்ட ஊர்களில் மகனைப் பற்றியும் மகளைப் பற்றியும் பெற்றோர் காணும் கனவுகளுக்கு இடையே இருந்த இடைவெளி கால் பங்கு சுருங்கியிருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது.

கவனியுங்கள், இரண்டு முறை. நாம் என்ன செய்கிறோம்? ஒரு பெண்ணை உட்காரவைத்து, ஒன்பது மாதத்தில் மதிப்பெண் போட்டு, "எடுபடவில்லை" என்கிறோம். ஒற்றைக்குயிலுக்குப் பிறகு அந்த நிறுவனம் இன்னொரு பெண்ணை அமர்த்தியதா என்று கேட்க நினைத்தேன். கேட்கத் துணிவில்லை.

---

#12 ஒற்றைக்குயில் (புதன், மதியம் 2:40)

கேட்கலாம், தோழி. இல்லை.

---

#13 மட்டுறுத்துநர் (புதன், மாலை 5:00)

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், எழுதியவரின் வீட்டு விவரங்களைக் கிளற வேண்டாம். எதிர்க்காற்று எதிர்த்துப் பேசினாலும் மரியாதையோடுதான் பேசுகிறார். அவரைத் திட்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

---

#14 புதுவரவு27 (புதன், இரவு 8:33)

வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. தயக்கத்தோடு எழுதுகிறேன். எனக்கு அந்த விழா பிடிக்கும். எங்கள் தளத்துப் பெண்கள் எல்லோரும் ஓர் அறையில் கூடுவது அன்று ஒரு நாள்தான். மேலதிகாரி அக்கா ஒருவருடன் முதன்முதலில் பேசியதே பலூன் ஊதும்போதுதான். இன்னொன்று, எனக்குத் தலைவர் ஆகும் ஆசை இல்லை. வேலையைச் செய்துவிட்டு மாலை வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். நான் யாரையும் கைவிட்டதாக ஆகுமா?

சென்ற மாதம் தன்னம்பிக்கைப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். நேராக நிமிர்ந்து உட்காருங்கள், குரலை உயர்த்துங்கள், மன்னிப்பு கேட்காதீர்கள் என்றார்கள். திரும்பி வந்து கூட்டத்தில் குரலை உயர்த்தினேன். "இவளுக்கு என்ன ஆயிற்று?" என்றார்கள்.

---

#15 கரும்பலகை (புதன், இரவு 9:20)

புதுவரவு, சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு அம்மா. (பார், நான் மன்னிப்பு கேட்டுவிட்டேன்.)

ஆசிரியராக முப்பது ஆண்டு இருந்ததில் ஒன்று தெரியும். தோற்ற மாணவனுக்குத் தனிப்பாடம் வைப்போம். பெண்களுக்கு மட்டும் தன்னம்பிக்கை வகுப்பு வைப்பதில் அந்த வாசம் அடிக்கிறது. குறை உன்னிடம், சரிசெய்துகொள் என்று சொல்லாமல் சொல்வது. குறுக்கே பேசுபவருக்குக் காது கொடுக்கும் பயிற்சி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தலைமை வேண்டாம் என்பது உன் விருப்பம். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகும் தலைவர் ஒருவரையாவது நீ கண்ணால் பார்த்திருக்கிறாயா? பார்த்திருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பாயா? பதில் எழுத வேண்டாம், உனக்குள் வைத்துக்கொள்.

---

#16 சாரல் (புதன், இரவு 10:05)

பயிற்சியைப் பற்றிக் கரும்பலகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆலோசகரை ஏற்பாடு செய்வது எளிது. மாதம் ஒருமுறை உட்கார்ந்து அறிவுரை சொல்வார், நல்லவர், உதவுவார். ஆனால் பதவி தீர்மானமாகும் அறையில் நாம் இருப்பதில்லை. அங்கே "அவளிடம் கொடுங்கள், நான் பொறுப்பு" என்று தன் பெயரை அடகு வைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆண்களுக்கு அப்படிப்பட்டவர் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடுகிறார். நமக்கு ஆலோசனை மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது.

ஆகவே முல்லைக்கொடி, திட்டத்தில் "ஆலோசகர்" என்று எழுதாதீர்கள். மேல்நிலை அதிகாரி ஒவ்வொருவரும் ஒரு பெண்ணின் பெயரை முன்மொழிய வேண்டும், ஆண்டு முடிவில் அவருக்கு எந்தப் பொறுப்பு கிடைத்தது என்று அந்த அதிகாரியே எழுத வேண்டும் என்று போடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஏன் என்பதையும் அவர்தான் எழுத வேண்டும், அவள் அல்ல.

---

#17 எதிர்க்காற்று (வியாழன், காலை 7:45)

இரவு யோசித்துப் பார்த்தேன். எங்கள் பிரிவில் கூட்டக் குறிப்பு எழுதுவது யார் என்று நினைவுபடுத்தினேன். ஏழு பேரில் இரண்டு பெண்கள். அவர்களில் ஒருவர் விடுமுறை என்றால் மற்றவர். இருவரும் இல்லாத நாளில் குறிப்பே எழுதவில்லை, "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். இதுவரை இது எனக்கு உறைத்ததே இல்லை.

ஒதுக்கீடு பற்றிய என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஆனால் முல்லைக்கொடியின் "பொறுப்பு" விவகாரம் சலுகையே அல்ல. கொடுத்த வேலைக்கு உரிய அதிகாரம். அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

---

#18 முல்லைக்கொடி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:10)

இழையைப் பாதியில் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். திட்டம் கொடுத்தாயிற்று. இரண்டு பக்கம் கேட்டார்கள், ஒன்றரைதான் வந்தது.

எழுதியவை: விழாக் குழுவும் கூட்டக் குறிப்பும் ஆண், பெண் எல்லோருக்கும் சுழற்சியில். பொறுப்பில் இருப்பவருக்கு முதல் நாளிலிருந்தே ஒப்புதல் அதிகாரம், ஆறு மாதத்துக்குள் உறுதி செய்வது அல்லது காரணம் எழுதுவது. பெண்கள் தலைமையேற்கும் மூன்று புதிய பணிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, ஆள், இரண்டு ஆண்டு அவகாசம், நடுவில் மதிப்பெண் கிடையாது. தொகையில் பெரும்பகுதி அதற்கு. விழாவுக்கு மீதி. கேடயம் வேண்டாம், ஆனால் எல்லோரும் கூடும் மதியம் இருக்கட்டும். (புதுவரவு, அது உங்களுக்காகச் சேர்த்தது.)

மேலாளர் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் பயிற்சி வகுப்பு கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். சுழற்சிக்கு உடனே சரி. மூன்று பணியில் ஒன்றுக்கு மட்டும் இப்போது அனுமதி, இரண்டு ஆண்டு என்று எழுத்தில். அதிகாரிகள் ஒரு பெண்ணின் பெயரை முன்மொழியும் சாரலின் யோசனை "பிறகு பார்க்கலாம்" என்ற அடுக்குக்குப் போய்விட்டது. என் "பொறுப்பு" பற்றி, "இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?" என்றார். "இத்தனை நாள் யாரும் ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்டேன். வாய் வறண்டுவிட்டது, ஆனால் கேட்டுவிட்டேன். கோப்பு மேலே போயிருக்கிறது. இன்னும் கையெழுத்தாகவில்லை.

வெள்ளிக்கிழமை பிரிவுத் தலைவர்கள் கூட்டம். குறிப்பேடு வழக்கம்போல மேசையில் வழுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. பேனா உள்ளே செருகியபடி. நான் எதுவும் சொல்லாமல் அதை இடப்பக்கம் இருந்தவரிடம் நகர்த்தினேன். அவர் பார்த்தார், நான் பட்டியலைக் காட்டினேன், எழுதினார். கூட்டம் முடிந்து பார்த்தால் ஒரு வரியும் விளங்கவில்லை. அவ்வளவு மோசமான கையெழுத்து. "நீங்களே ஒருமுறை நன்றாக எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றார்கள்.

அவரையே தட்டச்சு செய்து தரச் சொன்னேன். செவ்வாய்க்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

---

#19 வழிப்போக்கன் (ஞாயிறு, மாலை 6:42)

செவ்வாய் இரவு இங்கே வந்து சொல்ல வேண்டும். காத்திருப்போம்.

---

#20 எதிர்க்காற்று (ஞாயிறு, இரவு 7:15)

எங்கள் பிரிவில் சென்ற வாரக் குறிப்பு நான் எழுதியது. என் கையெழுத்தையும் யாராலும் படிக்க முடியவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.